மதுரை மல்லிகார்ச்சுனர்: கொடும்பாளூர்க் கல்லில் ஓர் ஆசிரியர் புகழ்

கொடும்பாளூர் என்றவுடன் தமிழ் வாசகர் நெஞ்சில் முதலில் தோன்றுபவள் வானதி. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' அக்குடியின் பெயரை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது. பெரிய வேளார் பூதி விக்கிரமகேசரி என்ற பெயரும் அந்நாவலின் வழியாகவே பலருக்கு அறிமுகம். பழைய நூல்களைப் பயின்றோர்க்கு இவ்வூரோடு வேறு உறவு உண்டு. சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு வழி உரைக்கும்போது, கொடும்பையின் பெருங்குளத்தை அடைந்தபின் மதுரைக்குச் செல்லும் நெறி மூன்றாகப் பிரிவதைச் சொல்கிறான். சேக்கிழாரோ கோனாட்டுக் கொடும்பாளூரில் இருந்து ஆண்ட இடங்கழி நாயனாரின் வரலாற்றைப் பாடுகிறார். அடியார்க்கு அமுது அளிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், கைப்பொருள் அற்றபோது நள்ளிரவில் அரண்மனைக் கொட்டகாரத்தில் நெல்லைக் கவர்ந்தார். காவலர் பிடித்துக் கொணர்ந்தனர். காரணம் கேட்டறிந்த அரசர் அவரை விடுவித்ததோடு, பண்டாரத்தையே அடியார்க்குத் திறந்துவிட்டார். பிறருக்குச் சோறிடுவதற்காகச் செய்த களவு, குற்றமாகாமல் புராணமானது இவ்வூரில்தான்.

காப்பியமும் புராணமும் நாவலும் கண்ட ஊர், ஓர் ஆசிரியரைப் புகழும் செய்யுளையும் தன்னிடம் வைத்திருக்கிறது. அதனை அறிந்த கவிஞர் மிகச் சிலரே. அதற்குக் காரணமும் உண்டு. அச்செய்யுள் தமிழில் இல்லை. கிரந்த எழுத்தில் பொறித்த வடமொழிப் பாடல் அது. ஏட்டிலும் இல்லை, மூவர் கோயிலின் கற்சுவரில் இருக்கிறது.

விராலிமலைக்கு அண்மையில், திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை செல்லும் பெருவழியை ஒட்டிக் கிழக்கே அமைந்த இக்கோயில் மேற்கு நோக்கியது. ஒரே வரிசையில் மூன்று விமானங்கள் எழுப்பப்பட்டன. இன்று நடுவண் உள்ளதும் தெற்கில் உள்ளதும் நிற்கின்றன. வடக்கில் இருந்தது அடித்தளமாக மட்டும் எஞ்சியது. சுற்றிலும் இருந்த சிற்றாலயங்களும் அவ்வாறே தரையளவில் தேய்ந்துவிட்டன. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தார் இவ்வூர்க் கல்வெட்டைத் தம் நாட்டுக் கல்வெட்டுகளோடு சேர்த்து 1929-இல் அச்சிட்டனர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1933-இல், பேராசிரியர் க. அ. நீலகண்ட சாத்திரியார் இதனைத் தனிக் கட்டுரையாக ஆராய்ந்தார். அன்று தொடங்கிய விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆயினும் விவாதம் முழுவதும் அரசரைப் பற்றியது; ஆசிரியரைப் பற்றியதன்று.

பாடலின் தொடக்கம் சிதைந்துவிட்டது. எஞ்சிய பகுதி இருக்குவேளிர் குடியின் மரபை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. பரவீரசித்து, வீரதுங்கன், அதிவீரன், அநுபமன், நிருபகேசரி என்று பெயர்கள் நீளுகின்றன. பரதுர்க்கமர்த்தனன் என்பான் வாதாபியை வென்றவன் எனப்படுகிறான். அவன் வழிவந்த சமராபிராமன் அதிராசமங்கலத்துப் போரில் சளுக்கியைக் கொன்றவன். சோழர்குல மங்கை அநுபமாவை மணந்தவன். இவ்விருவர்க்கும் மகனாகப் பிறந்தவனே பூதி என்னும் விக்கிரமகேசரி. பல்லவர் படையின் குருதியால் காவிரி நீரைச் சிவக்கச் செய்தான், வீரபாண்டியனை வென்றான், வஞ்சிவேளை அழித்தான். கற்றளி, வரகுணை என்னும் இரு தேவியர் அவனுக்கு. கற்றளியின் வயிற்றில் பராந்தகன், ஆதித்தவர்மன் என இரு மக்கள் பிறந்தனர். தன் பெயராலும் தேவியர் இருவர் பெயராலும் மூன்று விமானங்கள் எடுத்து, அவற்றில் மகேசுவரனை எழுந்தருள்வித்தான்.

இவ்வளவும் மெய்க்கீர்த்திக்குரிய செய்திகள். வென்றான், கொன்றான், மணந்தான், கட்டினான் என்ற நான்கு வினைகளில் அரசவாழ்வு அடங்கிவிடுகிறது. செய்யுள் இத்தோடு முடிந்திருந்தால் தென்னாட்டில் உள்ள எத்தனையோ பிரசத்திகளுள் ஒன்றாக அது எண்ணப்பட்டிருக்கும். ஆனால் இங்கே பாடல் திரும்புகிறது. போர்க்களப் பெயர்களுக்குப் பின் ஒரு துறவியின் பெயர் வருகிறது. ஆத்திரேய கோத்திரத்தில் பிறந்தவர், மதுரையைச் சேர்ந்தவர், மறைகளைக் கரைகண்டவர், வித்தியாராசி, தபோராசி என்னும் ஆசிரியர் இருவர்க்கு மாணாக்கர், பெயர் மல்லிகார்ச்சுனர். அவருக்கு விக்கிரமகேசரி பெரியதொரு மடத்தை அளித்தான். மடத்தோடு 11 ஊர்களையும் கொடுத்தான். எதற்காக? அசிதவக்திரர் என்னும் துறவியர் 50 பேர்க்கு உணவளிப்பதற்காக.

அசிதவக்திரர் என்ற சொல்லுக்குக் கரியமுகத்தார் என்பது பொருள். உலகவழக்கில் காளாமுகர் எனப்பட்ட சைவப் பிரிவினரையே புலவன் அதே பொருள் தரும் வேறு சொல்லால் குறிக்கிறான்.

இதனை ஆசிரியர் புகழ் என்று கொள்ளலாமா என்பது முதலில் எழும் ஐயம். அரசர்க்கு ஒதுக்கிய இடத்தோடு ஒப்பிட்டால் மல்லிகார்ச்சுனர்க்குக் கிடைத்தது சிறிதளவே. காவிரி சிவந்ததைச் சொன்ன புலவன், மடத்தில் ஓதிய குரலைச் சொல்லவில்லை. கடலுக்கு நிகர், மலைக்கு நிகர் என்ற உவமைகளால் அவரை நிரப்பவுமில்லை. ஆனால் சொல்லியதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அச்சிறிதளவில் எத்துணைச் செறிவு என்பது புலனாகும். அரசனை அறிமுகப்படுத்தும்போது தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று குருதி வழியே ஏறிச் செல்கிறான் புலவன். ஆசிரியரை அறிமுகப்படுத்தும்போது கோத்திரத்தை ஒரு சொல்லில் முடித்துவிட்டு, கற்பித்தவர் இருவரின் பெயரைச் சொல்கிறான். அரசனுக்கு மரபு தந்தை வழி. ஆசிரியனுக்கு மரபு ஆசிரியர் வழி. ஒரே பாடலில் இருவகை வழிமுறைகளும் அடுத்தடுத்து நிற்பதால் வேறுபாடு தானே விளங்குகிறது. வித்தியாராசி என்றால் கல்வியின் குவியல். தபோராசி என்றால் தவத்தின் குவியல். 'ராசி' என முடியும் பெயர்கள் இவ்வகைச் சைவத் துறவியரிடையே வழங்கியவையே. ஆயினும் கல்வி ஒருவரிடத்தும் தவம் ஒருவரிடத்தும் பெற்ற மாணவன் என்று கேட்பவர் மனம் தானாகவே பொருள் கூட்டிக்கொள்கிறது. புலவன் அதனை எண்ணிச் செய்தானோ, பெயர்கள் தாமே அவ்வாறு அமைந்தனவோ, யார் சொல்வார்!

அடுத்தது சோறு. 50 என்ற எண்ணைச் செய்யுளில் வைப்பதற்குப் புலவன் கூசவில்லை. கவிதைக்கு எண் பகை என்று கருதுவோர் இன்றும் உண்டு. ஆனால் ஐம்பதின்மர் ஒரு மடத்தில் அமர்ந்து கற்கவும் வழிபடவும் வேண்டுமெனில், நாள்தோறும் எத்துணை நெல் அளக்கப்படவேண்டும், அந்நெல்லை விளைக்க எத்துணை நிலம் வேண்டும் என்ற கணக்கு முதலில் முடியவேண்டும். கோனாடு காவிரி பாயும் நாடன்று. மழையைப் பார்த்து ஏரி நிரப்பி, ஏரியைப் பார்த்து விதைக்கும் வானம்பார்த்த பூமி. அத்தகைய நாட்டில் 11 ஊர்களின் வருவாயை ஓர் ஆசிரியரின் பந்திக்குத் திருப்பிவிடுவது சிறு செயல் அன்று. இடங்கழியார் திறந்துவிட்ட பண்டாரம் புராணம். விக்கிரமகேசரி கொடுத்த ஊர்கள் கல்லெழுத்து. இரண்டிலும் ஒரே குடி, ஒரே ஊர், ஒரே சோறு.

இந்தச் செய்யுளுக்கு வேறொரு வகையிலும் மதிப்பு உண்டு. காளாமுகர் எழுதிய நூல்கள் என்று இன்று கையில் எடுத்துக் காட்டத்தக்கவை இல்லை எனலாம். அவர்களைப் பற்றி நூல்வழி வந்த செய்திகளுட் பெரும்பகுதி மாற்றார் எழுதியவை. ஆளவந்தார் 'ஆகமப்பிராமாணிய'த்திலும், இராமானுசர் 'ஸ்ரீபாஷ்ய'த்திலும் காளாமுகரை மண்டையோட்டில் உண்பவர், பிணச்சாம்பல் பூசுபவர் என்ற வகையில் குறிக்கின்றனர். சமயவாதத்தில் எதிர்க்கட்சியின் உருவம் எப்போதும் சற்றுக் கோணலாகவே வரையப்படும், அதில் வியப்பில்லை. காபாலிகர்க்கு உரியவற்றைக் காளாமுகர் மேலும் ஏற்றிவிட்டனர் என்று டேவிட் லாரன்சன் 1972-இல் வெளியிட்ட தம் நூலில் காட்டினார். அவர் துணைக்கொண்டவை கல்வெட்டுகள். கன்னட நாட்டில் அவை மிகுதி. தமிழகத்தில் கொடும்பாளூர்ப் பாடல் அவற்றுள் தலையாயது.

கன்னட நாட்டுச் சான்றுகளுள் ஒன்றை ஈண்டுக் கூறுவது பொருந்தும். சிவமொக்கா மாவட்டத்துப் பள்ளிகாவியில் கேதாரேசுவரர் கோயிலைச் சார்ந்து கோடியமடம் என்றொரு காளாமுக மடம் இருந்தது. 1162-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று அம்மடத்தை விரித்துரைக்கிறது. நான்கு வேதங்களும் ஓதப்படும் இடம். கௌமாரம், பாணினீயம், சாகடாயனம் முதலிய இலக்கணங்கள் பயிற்றப்படும் இடம். ஆறு தரிசனங்களும், இலாகுல சித்தாந்தமும், பதஞ்சலியின் யோகமும், பதினெண் புராணங்களும், காவியமும் நாடகமும் கற்பிக்கப்படும் இடம். ஏழையர்க்கும் ஊனமுற்றோர்க்கும் சோறிடும் இடம். பிணியாளர்க்கு மருந்தளிக்கும் இடம் என்று அது அடுக்கிக்கொண்டு போகிறது. பாணினியையும் சாகடாயனத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக் கற்பித்தவர்களையா மண்டையோட்டுக் கூட்டம் என்றார்கள்! சாகடாயனம் சமணர் செய்த இலக்கணம் என்பதையும் மறக்கலாகாது. பிற சமயத்தான் எழுதியதாயினும் இலக்கணம் இலக்கணமே என்று கொண்ட மடம் அது.

கொடும்பாளூர் மடத்திலும் இவையெல்லாம் கற்பிக்கப்பட்டன என்று சொல்லிவிட முடியாது. ஊர் வேறு, காலம் வேறு. ஆனால் மறைகளைக் கரைகண்டவர் ஒருவர் தலைமையில் ஐம்பதின்மர் தங்கிய பெருமடம் வெறும் சத்திரமாக இருந்திருக்காது என்று கருதுவதற்குப் பள்ளிகாவி இடம் தருகிறது.

தமிழகத்திலேயே துறவாசிரியர் ஒருவரைப் பாடிய வேறொரு வடமொழிக் கல்வெட்டும் உண்டு. திருவொற்றியூரில், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் 20-ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்டது அது. சதுரானன பண்டிதரின் வாழ்வை அது சொல்கிறது. கேரள நாட்டில் பிறந்து, இளமையிலேயே கலைகளைக் கற்று, சோழ இளவரசன் இராசாதித்தனுக்கு நெருங்கிய துணைவரானவர் அவர். 949-இல் தக்கோலப் போரில் இராசாதித்தன் யானைமேல் துஞ்சியபோது அருகில் இருந்து உடன் மடியும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. அவ்வருத்தத்தால் உலகை வெறுத்து, கங்கையாடி, திருவொற்றியூரில் நிரஞ்சன குருவை அடைந்து துறவு பூண்டார். பின் அம்மடத்துக்கே தலைவரானார். கொடும்பாளூர்ப் பாடல் மல்லிகார்ச்சுனரின் உள்வாழ்வை இவ்வாறு திறந்து காட்டவில்லை. அவர் எப்போது மதுரையை விட்டார், எதனால் விட்டார் என்ற வினாக்களுக்கு அங்கே விடை இல்லை. கவிதை என்ற அளவில் ஒற்றியூர்ப் பாடலே நெஞ்சைத் தொடுவது. கொடும்பாளூர்ப் பாடலின் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. அதனை உணர்வதற்குக் கோனாட்டை ஒட்டிய வட்டாரத்திலேயே இன்னும் இரண்டு பாறைகளைப் பார்க்கவேண்டும்.

ஒன்று குடுமியான்மலை. அங்குள்ள குடைவரைக்கு அருகில், பாறையின் முகத்தில், ஏழு பகுதிகளாகச் சுரங்கள் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. இந்திய இசை வரலாற்றில் அதற்குள்ள இடம் யாவரும் அறிந்தது. இறுதியில் ஒரு குறிப்பு உண்டு. உருத்திராசாரியரின் மாணாக்கனும் பரமமாகேசுவரனும் ஆகிய அரசன், மாணாக்கர் நலத்தின் பொருட்டு இச்சுரங்களை அமைத்தான் என்பது அதன் கருத்து. அரசன் பெயர் அதில் இல்லை! அவன் மகேந்திரவர்ம பல்லவன் என்றனர் சிலர். அதனை ஏலார் பலர். பெயர் இருந்தால் இந்த வழக்கே எழுந்திராது. பட்டமும் விருதும் அடுக்கிச் சொல்வதில் எந்த அரசனும் குறைவைத்ததில்லை. அப்படியிருக்க, தன் பெயரை விட்டுவிட்டு ஆசிரியர் பெயரை மட்டும் கல்லில் நிறுத்திய அரசன் ஒருவன் இப்புதுக்கோட்டைச் சீமையில் இருந்திருக்கிறான். கேட்பதற்கு ஒரே தொடர். பாடலும் அன்று. ஆயினும் ஆசிரியரைப் போற்றிய சொற்களுள் இதற்கு ஈடாக ஒன்றை எளிதில் காட்டிவிட இயலாது. தனக்கு ஆசிரியர் ஒருவர், தன் பின்னே மாணாக்கர் பலர். நடுவில் தான் யார் என்பது அவனுக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை போலும்.

மற்றொன்று சித்தன்னவாசல். அறிவர் கோயிலின் ஓவியத்தைக் காணச் செல்வோர் வெளிப்பாறையில் உள்ள தமிழ்ச் செய்யுளைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அவனிபசேகரன் எனப்பட்ட பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், கி.பி. 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பார் அக்குடைவரையின் உள்மண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபமும் எடுத்தார் என்று அது பாடுகிறது. இவர் சமணர். 'ஆசிரியன்' என்ற சொல்லே தமிழ்ச் செய்யுளில் பட்டமாக அவர் பெயரோடு நிற்கிறது.

ஆக, மதுரையிலிருந்து இரண்டு ஆசிரியர்கள் புதுக்கோட்டைச் சீமையின் கற்பாறைகளுக்கு வந்திருக்கின்றனர். ஒருவர் சமணர், தமிழ்ப் பாட்டில் நிற்கிறார். மற்றவர் சைவர், வடமொழிப் பாட்டில் நிற்கிறார். இருவரையும் ஒருசேர வைத்துப் பேசுவது வழக்கமில்லை. சமயத்தால் ஒரு பிரிவு, மொழியால் ஒரு பிரிவு என்று வரலாற்று நூல்கள் அவர்களை வெவ்வேறு அதிகாரங்களில் அடைத்துவிட்டன. சொல்லப்போனால் அவர்களை இணைப்பவை இரண்டே. மதுரை என்ற ஊர். ஆசிரியர் என்ற நிலை. புலவர்க்கு இவ்விரண்டும் போதுமானவையாக இருந்தன. இளங்கௌதமனைப் பாடியவனும் மல்லிகார்ச்சுனரைப் பாடியவனும் மதுரையை மறவாமல் சொல்வது அந்நகர்க்குக் கல்வியால் இருந்த மதிப்பைக் காட்டுகிறது எனலாம்.

இவர்களெல்லாம் சமயாசாரியர்கள்தாமே, பள்ளி ஆசிரியர்கள் அல்லரே என்று தடை எழுப்புவாரும் இருப்பர். அது நியாயமான தடையே. ஆனால் அக்காலத்தில் எழுத்தும் இலக்கணமும் தருக்கமும் பெரிதும் மடத்தாலும் பள்ளியாலும் காக்கப்பட்டவை. சமணர் உறைவிடத்தின் பெயராகிய 'பள்ளி' என்பதே கற்குமிடத்தின் பெயராகவும் தமிழில் நிலைத்துவிட்டது. கற்பித்தவனையும் துறந்தவனையும் இரண்டாகப் பிரிக்கும் கோடு பிற்காலத்தது.

தமிழ்க் கவிதை ஆசிரியரை எவ்வாறு போற்றியது என்பதை இவற்றோடு சேர்த்துப் பார்க்கலாம். புறநானூற்றின் 183-ஆம் பாடலைப் பாடியவன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், பாண்டிய வேந்தன். ஆசிரியர்க்கு இடுக்கண் நேர்ந்தபோது உதவியும், மிக்க பொருள் கொடுத்தும், பணிந்து நிற்பதை வெறுக்காமலும் கற்பது நல்லது என்பது அவன் கருத்து. புகழுரை அன்று அது. மாணவனுக்குச் சொன்ன கடமை. ஆயினும் ஆசிரியனுக்குப் பசி உண்டு, இடர் உண்டு என்பதை முதலில் நினைத்தவன் ஓர் அரசன் என்பது குறிக்கத்தக்கது. நன்னூல் செய்த பவணந்தியார் நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை காட்டினார். அதைவிடச் சுவையானது, ஆசிரியர் ஆகாதவர்க்கு அவர் தந்த உவமைகள். போட்ட முறையில் வெளிவராத கழற்காய்க் குடமும், ஏறவிடாத மடற்பனையும், பருத்தி திணித்த குண்டிகையும், பிறர் கொல்லையில் காய் உதிர்க்கும் கோணல் தென்னையும் எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக மாணவரைச் சிரிக்கவைத்து வருகின்றன. உண்மையில் நன்னூல் பாயிரத்தை மனப்பாடம் செய்த தலைமுறையினர்க்கு நல்லாசிரியனைவிடக் கெட்ட ஆசிரியனே நன்கு நினைவிருப்பான்.

மாணவனே ஆசிரியனைப் பாடிய கவிதைக்குத் தமிழில் முடிமணி மதுரகவியாழ்வார். நாலாயிரத்துள் அவர் பாடியவை 11 பாசுரங்களே. பதினொன்றும் நம்மாழ்வாரைப் பற்றியவை. திருமாலைப் பாடும் தொகுப்பில் ஒருவர் தம் ஆசிரியரை மட்டும் பாடிவிட்டு அமைந்தார்; அதனாலேயே ஆழ்வார்களுள் இடம்பெற்றார். திருவரங்கத்து அமுதனார் இராமானுசரை 108 பாக்களால் போற்றியது இவ்வழியின் விரிவு. அண்மைக் காலத்தில் உ. வே. சாமிநாதையர், தம் ஆசிரியர் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை 1933, 1934 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். செய்யுள் இயற்ற அறிந்தவர் உரைநடையைத் தேர்ந்துகொண்டார். ஆசிரியர் சொன்ன பாடத்தையும், பட்ட கடனையும், உண்ட உணவையும் சொல்ல அதுவே ஏற்றது என்று கருதினார் போலும். கொடும்பாளூர்ச் செய்யுளைப் பற்றி நீலகண்ட சாத்திரியார் எழுதிய அதே 1933-இல் அந்நூலின் முதற் பாகம் வெளிவந்தது தற்செயலே. ஆனால் இனிய தற்செயல்.

இவற்றையெல்லாம் ஒருங்கு வைத்துப் பார்க்கும்போது ஆசிரியர் புகழில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஒன்று மாணவன் குரல். மதுரகவியாருடையதும், குடுமியான்மலை அரசனுடையதும் அது. மற்றொன்று புரவலன் குரல். கொடும்பாளூரில் ஒலிப்பது இரண்டாவது. அதில் நெகிழ்ச்சி குறைவு, கண்ணீர் இல்லை. புகழில் ஒரு பங்கைக் கொடுப்பவனே எடுத்துக்கொள்வதும் மறைக்கத்தக்கதன்று. மூன்று விமானங்களுள் ஒன்றேனும் மல்லிகார்ச்சுனர் பெயரால் எடுக்கப்படவில்லை. ஆனால் மாணவன் குரல் தராத ஒன்றைப் புரவலன் குரல் தருகிறது. கற்பித்தல் என்ற தொழில் நடப்பதற்கு வேண்டிய இடமும், உணவும், ஊரும், எண்ணும் அங்கேதான் கிடைக்கின்றன. மாணவன் ஆசிரியரின் அருளைப் பாடுவான். ஆசிரியரின் அடுக்களையைப் பாடமாட்டான். விழுப்புரத்தை அடுத்த எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு 270 இளமாணவர்க்கும் 70 முதுமாணவர்க்கும் 14 ஆசிரியர்க்கும் நெல் அளந்த கணக்கைக் கூறும். அது முற்றிலும் கணக்கு. அளவு உண்டு, புகழ் இல்லை. கொடும்பாளூர்ச் செய்யுள் கணக்கையும் புகழையும் ஒரே யாப்பில் கட்டியது.

ஆராய்ச்சியாளரின் கண் இப்பகுதிமேல் நெடுநேரம் தங்காமைக்குக் காரணம் உண்டு. விக்கிரமகேசரியின் காலம் ஒரு புதிர். வீரபாண்டியனை வென்றான் என்பதைக் கொண்டால் அவன் சுந்தர சோழன் காலத்தவன், கி.பி. 10-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. நீலகண்ட சாத்திரியார் இக்கொள்கையர். பல்லவர் படையொடு பொருதான் என்பதைக் கொண்டால், பல்லவ அரசு மறைவதற்கு முன், முதலாம் ஆதித்தன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவன் இருந்திருக்கவேண்டும். கோயிற்கலை ஆய்வாளர் எஸ். ஆர். பாலசுப்பிரமணியம் போன்றோர் இப்பக்கம். வாதாபி வென்ற பாட்டனைக் கணக்கில் சேர்த்தால் சிக்கல் இன்னும் முறுக்கேறும். நரசிம்மவர்மன் வாதாபியை அழித்தது கி.பி. 642 அளவில், சளுக்கர் அரசே 8-ஆம் நூற்றாண்டின் நடுவில் முடிந்துபோயிற்று. தலைமுறைகளை எப்படி நீட்டினாலும் கயிறு எட்டவில்லை. மன்னன் ஒரு நூற்றாண்டு முன்னே போனால் மல்லிகார்ச்சுனரும் உடன் போகிறார். பின்னே வந்தால் அவரும் வருகிறார். மதுரை ஆசிரியர் இளங்கௌதமனோடு இவர் ஏறக்குறைய ஒருகாலத்தவரா, நூறாண்டு பிந்தியவரா என்பதும் அம்முடிவையே பொறுத்தது.

மூவர் கோயில் இப்போது தொல்லியல் துறையின் காப்பில் உள்ளது. விமானங்களைச் சுற்றிப் புல்தரை. நின்ற இரண்டின் அழகைக் காண வருவோர், விழுந்த ஒன்றின் அடித்தளத்தையும் சிற்றாலயங்களின் கல்வரிசையையும் கடந்து செல்கின்றனர். பெருமடத்தில் ஐம்பதின்மர் அமர்ந்து உண்ட பந்தி எங்கே இருந்தது என்று எவரும் கேட்பதில்லை. கல்லில் அரசர் பெயர் உண்டு. தேவியர் பெயரும் மக்கள் பெயரும் உண்டு. மல்லிகார்ச்சுனர் பெயரும், அவர்க்குக் கற்பித்த இருவர் பெயரும் உண்டு. அவரிடம் கற்ற ஐம்பதின்மருள் ஒருவர் பெயரும் இல்லை. அவர்களுள் எவரேனும் தம் ஆசிரியரைப் பாடியிருந்தால் அந்த ஓலை இன்றுவரை வந்து சேரவில்லை.